விலக்கும் சொற்கள்

ஒன்றைச் செய்யாதே என விலக்குதல் எல்லா மொழிகளிலும் உண்டு. ஆயினும், விலக்கும் முறை மொழிக்கு மொழி வேறுபடும். ஜப்பானிய மொழியைப் புதிதாகக் கற்பவர், இவ்வொரு பொருளையே பல வடிவங்களில் கூற அறிதல் வேண்டும். கேட்பவர் யாவர், சூழ்நிலை எத்தகையது என்பவற்றை நோக்கியே வடிவம் அமையும்.

'ஹஷிரு' என்பது ஓடுதலைக் குறிக்கும் வினைச்சொல். அதன் இறுதியில் 'ந' என்பதைச் சேர்த்து 'ஹஷிரு ந' என்றால், 'ஓடாதே' எனக் கடிந்து விலக்குவதாகும். பெரியோரிடமோ அயலாரிடமோ இவ்வாறு கூறின், அவர் மனம் புண்படும். அவர்களிடம் 'ஹஷிரனைதெ குதசை' எனல் வேண்டும். 'அருள்கூர்ந்து ஓடாதிருங்கள்' என்பது இதன் பொருள்.

ஆசிரியர் மாணவர்க்கு விதியை எடுத்துரைக்கும்போது 'ஹஷித்தெ வா இக்கெமசென்' என்பார். 'இக்கெமசென்' என்பது போதலைக் குறிக்கும் வினையினின்று பிறந்த எதிர்மறை. எனவே, 'ஓடுதல் செல்லாது' என்பதே இத்தொடரின் நேர்பொருள். சட்டத்தையும் கடமையையும் பற்றிக் கூறுமிடத்து 'நரனை' என்னும் சொல் வரும். அஃது 'ஆகாது' என்பதற்கு நேரானது. 'பொய் சொல்லலாகாது' எனத் தமிழிலும் வழங்குதலால், இவ்வமைப்புத் தமிழ் மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

நிலநடுக்கம் மிகுந்த ஜப்பானில், பள்ளிப் பிள்ளைகள் ஆபத்துக் காலத்தில் வெளியேறும் பயிற்சியைப் பெறுகின்றனர். அப்போது நான்கு விலக்குகள் கற்பிக்கப்படுகின்றன. 'ஒசனை' என்பது தள்ளாமை; 'ஹஷிரனை' என்பது ஓடாமை; 'ஷபெரனை' என்பது பேசாமை; 'மொதொரனை' என்பது திரும்பிச் செல்லாமை. ஜப்பானிய எழுத்தில் இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து, 'ஒஹஷிமொ' எனப் பிள்ளைகள் நினைவிற் கொள்வர். இங்கே வணக்கச் சொல்லும் இல்லை, கடுஞ்சொல்லும் இல்லை. எளிய எதிர்மறை வினையே விலக்காக நிற்கின்றது.

இந்நான்கனுள் இறுதியது மிகவும் இன்றியமையாதது. 2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை ஜப்பானின் வடகிழக்குக் கரையைத் தாக்கியது. கரையை விட்டு நீங்கிய பின்னர், உறவினரையும் உடைமைகளையும் நாடித் திரும்பிச் சென்று உயிரிழந்தோரும் உளர். அப்பேரழிவிற்குப் பின், ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே. தன் எச்சரிக்கை முறையை மாற்றியது. அமைதியான குரலை விடுத்து, உரத்த குரலில் சுருங்கிய சொற்களால் மக்களை ஏவலாயிற்று.

பணிவு வேண்டுமிடத்துப் பணிந்தும், உயிர் காக்க வேண்டுமிடத்துச் சுருக்கியும் விலக்குதல் வேண்டும். அவ்விடமறிந்து சொல்பவரே அம்மொழியைச் செவ்வனே கற்றவராவர்.