பிணியாளர்க்குத் தொண்டு செய்வோன் இலக்கணம்



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் தயங்கியவாறு அருகில் வந்து நின்றார். அவர் புறநகரில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் ஆயாவாக வேலை செய்பவர். "ஐயா, 2021ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் எனக்குத் தொண்டை கரகரத்தது. இரண்டு நாள் அப்படியே வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது, கொரோனா என்றார்கள். நான் குளிப்பாட்டி விடுகிற பாட்டிமார் மூவர் அந்த மாதத்திலேயே இறந்து போனார்கள். அந்தப் பாவம் என்னுடையதா?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளாக அவர் இதனை யாரிடமும் கூறியதில்லையாம். நாம் உடனே விடை பகரவில்லை. "அடுத்த கூட்டத்திற்குள் படித்துவிட்டுச் சொல்கிறேன் அம்மா" என்று மட்டும் கூறி அனுப்பினோம். அங்ஙனம் படித்ததன் பயனே இப்பாடம்.

மேனாடுகளில் நர்ஸிங் ஹோம் என்பது, நம் நாட்டில் அப்பெயரால் வழங்கும் சிறு தனியார் ஆஸ்பத்திரி அன்று. தாமாக எழவும், உண்ணவும், உடுக்கவும் இயலாத முதியோர் தம் இறுதிக்காலம் வரையில் தங்கி வாழும் இல்லம் அது. ஓர் ஊழியர் ஒரே நாளில் பலரைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, உடைமாற்றிப் படுக்க வைக்க வேண்டியிருக்கும். தொடாமலும் முகத்தருகே குனியாமலும் செய்யக்கூடிய பணி அங்கே ஏதுமில்லை. ஆகவேதான் கொரோனா என்னும் தொத்துநோய் உலகெங்கும் பரவியபோது இத்தகைய இல்லங்களையே முதன்மையாகத் தாக்கிற்று. கனடா நாட்டில் முதல் அலையில் மாண்டவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 80 பேர் இவ்வில்லங்களில் வாழ்ந்தவர்கள்.

அமெரிக்க நாட்டில், ஸியாட்டில் நகரை அடுத்த கிர்க்லண்ட் என்னும் ஊரின் இல்லமொன்றில், 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இந்நோய் கண்டறியப்பட்டது. மார்ச் 18ஆம் நாள் கணக்குப்படி அவ்வில்லத்தோடு தொடர்புடைய 167 பேரை நோய் பற்றியிருந்தது. அவருள் 101 பேர் அங்கு வாழ்ந்தோர். 50 பேர் ஊழியர். 16 பேர் பார்க்க வந்தோர். நோயுற்ற முதியோரில் மூவருக்கு ஒருவர் இறந்தனர். காரணம் ஆராய்ந்தவர்கள் கண்டவை எவை? ஊழியர் சிலர் உடல்நலமின்றியே வேலைக்கு வந்தனர். சிலர் ஓர் இல்லத்தில் பணி முடித்து மற்றோர் இல்லத்திற்கும் சென்றனர். முகக்கவசம், கையுறை முதலியவற்றை முறையாக அணியும் பழக்கம் போதவில்லை. நோய் இன்னதென்று அறியும் சோதனையும் காலந்தாழ்ந்தே கிடைத்தது. அம்மாவட்டத்தில் அப்போதே குறைந்தது 30 இல்லங்களில் நோய் புகுந்திருந்தது.

இனி நம் நூலுக்கு வருவோம். வயிற்றுக்கடுப்பால் வருந்திய பிக்கு ஒருவர் தம் மலத்திலேயே கிடந்த வரலாறு விநய பிடகத்து மகாவக்கத்தில் உள்ளது. நம்மில் பலர் அறிந்தது. கவனிப்பார் எவருமில்லையோ என்று பகவான் வினவுகிறார். தாம் பிறருக்கு எவ்விதப் பயனும் இல்லாதவராகிவிட்டதால் பிற பிக்குகள் தம்மைக் கவனிப்பதில்லை என்று அவர் விடை கூறுகிறார். முதியோர் எவரும் வாய்விட்டுக் கூறாது மனத்தில் வைத்திருக்கும் சொல்லன்றோ இது! பகவான் நீர் ஊற்ற, ஆனந்த தேரர் கழுவ, பகவான் தலைப்பக்கமும் ஆனந்தர் காற்பக்கமும் பிடித்து அவரைக் கட்டிலில் கிடத்துகின்றனர். பின்னர்ச் சங்கத்தைக் கூட்டி, தாயும் தந்தையும் உடனில்லாத நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவர் என்று கேட்டு, பிணியாளர்க்குச் செய்யும் தொண்டு தமக்கே செய்யும் தொண்டு என உணர்த்துகிறார்.

அவ்விடத்திலேயே தொண்டு செய்வோனுக்குரிய ஐந்து தகுதிகள் வகுக்கப்படுகின்றன. மருந்தைப் பக்குவம் செய்ய வல்லவனாதல் முதலாவது. நோயாளிக்கு நன்மை தருவது இது, தீமை தருவது இது என அறிந்து, நல்லதைக் கொணர்ந்து தீயதை அகற்றுதல் இரண்டாவது. ஆதாயம் கருதாமல் அன்புள்ளத்தோடு பேணுதல் மூன்றாவது. மலமும் சிறுநீரும் வாந்தியும் எடுக்க அருவருக்காமை நான்காவது. நற்சொற்களால் நோயாளியின் மனத்தைத் தேற்றுதல் ஐந்தாவது.

இவ்வரிசையைக் கருதிப் பாருங்கள். அன்பு மூன்றாம் இடத்தில் நிற்கிறது. அதற்கு முன் நிற்பன இரண்டும் அறிவைப் பற்றியவை. நாம் பல்லாண்டுகள் இப்பகுதியைப் படித்தும் போதித்தும் வந்திருக்கிறோம். ஆயினும் வரிசையை எண்ணிப் பார்த்ததில்லை. அச்சகோதரியின் கேள்விதான் அதனை நமக்குக் காட்டிற்று.

தீயதை அகற்றுக என்றால், கெட்ட உணவையும் குப்பையையும் அகற்றுதல் என்றே எண்ணி வந்தோம். கொள்ளைநோய்க் காலத்தில் அகற்ற வேண்டிய தீமை தொண்டு செய்வோனுடைய மூச்சிலேயே இருந்தது. அதுவும் அவனறியாமல் இருந்தது. கிர்க்லண்ட் இருக்கும் அதே மாவட்டத்தில் வேறோர் இல்லத்தில் 76 முதியோரைச் சோதித்தபோது 48 பேரிடம் கிருமி காணப்பட்டது. அந்த 48 பேரில் 27 பேருக்குச் சோதனை நாளில் இருமலோ காய்ச்சலோ எக்குறியும் இல்லை. அவருள் 24 பேருக்குப் பின்னரே குறிகள் தோன்றின. காய்ச்சல் உடையவரை மட்டும் ஒதுக்கினால் போதும் என்னும் பழைய முறை ஏன் தோற்றது என்பது இதனால் விளங்கும். குறி இருப்பினும் இல்லாவிடினும் ஊழியர் அனைவரும் முகக்கவசம் அணிதல், அடிக்கடி சோதித்தல், நோயுற்றோர்க்கு ஒரு குழுவும் மற்றையோர்க்கு வேறு குழுவுமாக ஊழியரைப் பிரித்தல், சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் செய்தல் ஆகியவை பின்னர் ஏற்பட்ட முறைகள்.

முதியோரிடம் நோய் வேறு வேடத்தில் வரும் என்பதையும் அறிதல் வேண்டும். காய்ச்சல் அடிக்காமலே இருக்கலாம். நேற்று வரை மகளின் பெயரைக் கூறியவர் இன்று திடீரென மனங்குழம்பிப் பேசுவார், உணவை மறுப்பார், நடக்கையில் தடுமாறி விழுவார், பகலெல்லாம் உறங்குவார். "வயதாகிவிட்டது" என்று இவற்றைத் தள்ளிவிடலாகாது. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் 94க்குக் கீழ் காட்டுமாயின் மருத்துவரை அழைத்தல் வேண்டும். மூச்சுத்திணறல் சொல்லத் தெரியாதவர்க்கும் அக்கருவி சொல்லும். இடையிடையே சிறிது சிறிதாக நீர் புகட்டுதலும், படுத்த படுக்கையாய் இருப்போரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தலும் மருந்துக்கு நிகரானவை.

மூன்றாவது தகுதியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. ஆதாயம் கருதாமை என்பதைப் பிடித்துக்கொண்டு, "தொண்டு செய்பவர் கூலி கேட்கலாமா?" என்போர் உளர். அவர்கள் நூலைப் படித்தவர்களாகத் தோன்றவில்லை. அவ்விதி, பிக்ஷை ஏற்று வாழ்ந்த துறவியர்க்கு அவர்தம் மனநிலையைக் குறித்துக் கூறியது. வீட்டில் அடுப்பெரிய வேண்டிய ஆயாவின் சம்பளத்தைப் பிடிப்பதற்குக் கூறியது அன்று.

நாம் இளமையில் மும்பையில் ஓர் ஆலையில் பத்லியாக வேலை செய்தோம். பத்லி என்றால், நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவனுக்குப் பதிலாக அழைக்கப்படுபவன். வாயிலில் நிற்காதவனுக்கு அன்று கூலி இல்லை. ஒரு மழைக்காலத்தில் கடுங்காய்ச்சலோடு நான்கு நாள் நூற்புப் பிரிவில் நின்றோம். ஐந்தாம் நாள் பக்கத்து மிஷினில் நின்ற தோழரும் படுத்தார். அவர் மனைவி நம்மைக் கண்டு ஒன்றும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது இன்றும் நினைவில் உள்ளது. காய்ச்சலோடு நம்மை அங்கே நிறுத்தியது எது? பேராசை அன்று, மறுநாள் அரிசி.

கிர்க்லண்டில் நோயோடு வேலைக்கு வந்தவர்களையும், இரண்டு இல்லங்களில் உழைத்தவர்களையும் பற்றிப் படித்தபோது நமக்கு அந்நாளே நினைவுக்கு வந்தது. ஓரிடத்துச் சம்பளம் போதுமாயின் எவரும் ஈரிடத்திற்கு ஓடார். இதனை உணர்ந்து நடந்த அரசும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், 2020 மார்ச் மாத இறுதியிலேயே, ஊழியர் ஒவ்வொருவரும் ஓர் இல்லத்தில் மட்டுமே பணிபுரிய வேண்டும் என்று சுகாதார அதிகாரி ஆணையிட்டார். வெறும் ஆணையோடு நிறுத்தவில்லை; எவருடைய வருவாயும் குறையாதபடி அரசு ஊதியத்தை உயர்த்திச் சமன் செய்தது. அதே நாட்டில் வேறு மாகாணங்களின் இல்லங்கள் பலவற்றில் ஊழியர் பற்றாக்குறை முற்றிப்போய், அவ்வாண்டு ஏப்ரலில் இராணுவத்தார் உட்சென்று முதியோரைக் கவனிக்கும் நிலை உண்டாயிற்று.

நான்காவது தகுதி நம் மக்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதன்று. தலைமுறை தலைமுறையாக ஊராரின் கழிவை எடுக்க வைக்கப்பட்டவர்கள் நாம். அருவருப்பைக் கற்றவர்கள் அதனைச் செய்வித்தவர்களே. இதற்கு மேல் ஈண்டு எழுத விரும்பவில்லை.

ஐந்தாவதற்கு வருவோம். 2020 மார்ச்சில் பல நாடுகளில் இவ்வில்லங்களின் கதவுகள் உறவினர்க்கு அடைக்கப்பட்டன. அது வேண்டியதே. ஆனால் மகன் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று தொலைபேசியில் பேச, உள்ளே தாய் அக்கண்ணாடியில் கை வைத்துப் பார்த்திருந்த காட்சி உலகெங்கும் உண்டாயிற்று. நினைவு மங்கிய முதியோர், தம் மக்கள் ஏன் வரவில்லை என்று அறியாமலே உடல் தளர்ந்தனர். முகக்கவசம் அணிந்த ஊழியரை அவர்கள் அடையாளம் காணவும் இல்லை. ஆகவே ஊழியர் சிலர் தம் சிரித்த முகப்படத்தை மார்பில் குத்திக்கொண்டு அறைக்குள் சென்றனர். இது மிகச் சிறிய உபாயம். ஆயினும் ஐந்தாவது தகுதியை நன்கு உணர்ந்தவரே இதனைக் கண்டிருக்க வேண்டும்.

பிரான்ஸ் நாட்டில், லியோன் நகரை அடுத்த கோர்பா என்னும் ஊரின் இல்லத்தில் ஊழியர் ஒரு பகுதியினர் வேறொரு வழி கண்டனர். மார்ச் 18 முதல் மே 4 வரை 47 நாட்கள் வீடு செல்லாமல், தரையில் மெத்தை விரித்து உறங்கி, 106 முதியோருடன் உள்ளேயே தங்கிவிட்டனர். அம்முதியோரில் ஒருவரையும் நோய் தீண்டவில்லை. போற்றத்தக்க செயலே. எனினும் இதனை எல்லோர்க்கும் விதியாக்குதல் தகாது. கைக்குழந்தையுடைய தாய் 47 நாள் எங்ஙனம் தங்குவாள்? நெதர்லாந்தில் செய்த சோதனை நமக்கு இன்னும் பயனுடையது. 2020 மே 11 முதல் 26 இல்லங்களில், ஒரு முதியவர்க்கு ஓர் உறவினர் என்னும் கணக்கில், தக்க பாதுகாப்பு முறைகளோடு கதவைத் திறந்து விட்டனர். அடுத்த வாரங்களில் அவ்வில்லங்களில் நோய் புகவில்லை. உறவினரும் முறையைக் கற்றால், கதவை அடைத்தே வைக்க வேண்டுவதில்லை என்று தெளிந்தது. ஆண்டிறுதியில் தடுப்பூசி வந்தபோது, ஜெர்மனியின் ஹால்பர்ஷ்டாட் நகரத்து இல்லத்தில் 101 வயது மூதாட்டி ஒருவர் அந்நாட்டில் அதனை முதலில் பெற்றோருள் ஒருவரானார்.

இப்பொழுது சகோதரியின் கேள்விக்கு வருவோம். தம்மபத அட்டகதையில் சக்குபாலர் என்னும் கண்ணிழந்த தேரரின் கதை உண்டு. அவர் உலாவிய பாதையில் பூச்சிகள் மிதிபட்டு இறந்து கிடந்ததைக் கண்ட பிக்குகள் அவர்மீது குற்றம் கூறினர். அவர் அவற்றைக் காணவில்லை, கொல்லும் எண்ணமும் அவரிடம் இல்லை, ஆதலின் அவர்மீது குற்றமில்லை எனப் பகவான் விளக்கினார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அச்சகோதரியின் வீட்டிற்கே சென்று இதனை எடுத்துரைத்தோம். அம்மூவர்க்கும் நோய் யாரிடமிருந்து வந்தது என்று இனி எவராலும் அறிய இயலாது என்றும், அவர்தம் கையில் கொலை எண்ணம் இல்லை, சோப்பும் துண்டுமே இருந்தன என்றும் கூறினோம். அவர் வெகுநேரம் அழுதார். பின்பு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போது எனக்குக் கண் தெரியவில்லை, சரி. இப்போது தெரிந்துவிட்டதே ஐயா! நாளைக்குத் தொண்டை கரகரத்தால் நான் வீட்டில் இருந்துவிடுகிறேன். அன்றைக்குக் கூலி யார் தருவார்?" என்று கேட்டார்.

நம்மிடம் விடை இல்லை. சங்கத்துக் காரியதரிசியிடம் சென்று பேசினோம். நம் சங்கத்தில் முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் நோயாளிகளைப் பேணும் பெண்கள் ஒன்பது பேர் உள்ளனர் என்று அப்போதுதான் எண்ணித் தெரிந்துகொண்டோம். நோய்க்குறி கண்டு வேலைக்குச் செல்லாமல் நிற்கும் நாட்களுக்கு அவர்கட்குக் கூலி கொடுக்க வரும் பௌர்ணமி முதல் வாயிலருகே ஒரு தகரப்பெட்டி வைக்கப்படும். கணக்கை அச்சகோதரியே எழுதுவார். இல்லத்து நிர்வாகிகளைக் கண்டு சம்பளத்தோடு நோய் விடுப்புக் கேட்பதற்கு மூவர் கொண்ட குழுவும் அமைத்துள்ளோம். நாமும் உடன் செல்கிறோம்.

நோயாளிக்குரிய ஐந்து குணங்களை மகாவக்கம் அதே இடத்தில் கூறுகிறது. அவற்றை அடுத்த இதழில் காண்போம்.