டம்ளரைப் பார்த்து வீட்டை அடுக்குங்கள்

டீ குடிப்பவர் வீடு இப்படி, காபி குடிப்பவர் வீடு அப்படி என்று ஜாதகம் கணிப்பதில் அர்த்தமில்லை. ஆனால் எதைக் குடிக்கிறோமோ அதுதான் எங்கே உட்காருகிறோம் என்பதை முடிவு செய்கிறது. அலங்காரம் அங்கிருந்து தொடங்கட்டும். வடசென்னைக் கடலோர ராயபுரத்துச் சந்து வீட்டில் வாசற்படியிலேயே டீயை முடிப்பவருக்கு ஹாலில் டீப்பாய் வெறும் இடைஞ்சல். வாசலோரம் டம்ளர் வைக்க ஒரு கடப்பாக்கல் பலகை போதும். ஃபில்டர் காபிக்காரர் பித்தளை டபராவைத் திறந்த ஷெல்ஃபில் அழகுக்கு வைப்பார். உப்புக் காற்றில் அது சீக்கிரம் கறுத்துவிடும். புளி போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, கண்ணாடிக் கதவுக்குள் வையுங்கள். ஈயம் பூசாத பித்தளையில் மோர் மட்டும் கூடாது; புளிப்பு உலோகத்தைக் கரைக்கும்.

'ஒற்றை அறை வாடகை வீட்டில் அலங்காரம் எதற்கு?' என்று கேட்கலாம். ஆணி அடிக்க விடாத வீட்டில் மண்பானையைவிட நல்ல அலங்காரம் எது? நீர் கசிந்து ஆவியானால்தான் பானை குளிரும். திருவொற்றியூர்ப் புழுக்கத்தில் மூலையில் வைத்தால் பலனில்லை. காற்று வரும் ஜன்னலோரம், மர ஸ்டாண்டில் வையுங்கள், இரும்பு துருப்பிடிக்கும். எண்ணூர்ப் பக்கமென்றால் சாம்பல் தூசிக்கு இறுக்கமான மூடியும் வேண்டும்.