மண்ணில் ஓர் உடல்: பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டிலேயே தொடங்க முழுமையான வழிகாட்டி

மனித உருவம் செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முகத்தில்தான் முதலில் கை வைக்கிறார்கள். மூக்கு வருகிறது, உதடு வருகிறது, உடல் மட்டும் மரக்கட்டையாக நிற்கிறது. சிற்பி ஆண்டனி கோர்ம்லி 1993இல் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் குடும்பங்களைக் கொண்டு செய்த சுமார் 40,000 சுடுமண் உருவங்களில் முகம் என்பது இரண்டு கண்குழிகள் மட்டுமே. ஆகவே முகத்தைத் தள்ளிவைத்து, எடை எங்கே இறங்குகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

1. மண்ணும் கருவியும்

சுடுமண் பொடி கலந்த, சொரசொரப்பான சிற்ப மண்ணைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டுக் குயவர்களான வேளார்கள் ஐயனார் குதிரைக்குக் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்ப்பதும் பெரிய உருவம் விரிசலின்றிக் காய்வதற்காகத்தான். 20 செ.மீ. உருவத்துக்கு 3 கிலோ போதும். மண் அறுக்கத் தூண்டில் நரம்பு, கீறப் பழைய முள்கரண்டி, வழிக்க ஐஸ்கிரீம் குச்சி.

2. அளவு

நம் ஸ்தபதிகள் முகத்தின் நீளத்தை ஒரு தாலமாக வைத்து, நவதாலச் சிலையை ஒன்பது தால உயரத்தில் அமைப்பார்கள். நடைமுறையில் வளர்ந்த மனிதரின் உயரம், உச்சி முதல் மோவாய் வரையான தலையளவைப் போல ஏறக்குறைய ஏழரை மடங்கு. தரையில் உட்கார்ந்தால் சுமார் நான்கு. 20 செ.மீ. உருவத்துக்குத் தலை 5 செ.மீ. அப்பாவையோ அக்காவையோ தரையில் உட்காரச் சொல்லி, நான்கு பக்கமும் சுற்றிப் பாருங்கள்.

3. உடலை எழுப்புதல்

நிற்கும் உருவம் இப்போது வேண்டாம். ஈர மண்ணின் கணுக்கால் எடை தாங்காது. உள்ளே கம்பி வைத்தால், மண் சுருங்கும்போது கம்பி சுருங்காமல் உருவத்தைப் பிளந்துவிடும். சம்மணமிட்ட உருவத்தையே எடுங்கள்.

• இடுப்பைக் கிண்ணமாகச் செய்து, விரல் பருமன் மண் திரிகளை அதன்மேல் சுற்றி ஏற்றுங்கள். உள்ளே வெற்றிடம் இருக்கட்டும்.
• சில சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, அடிப்பகுதி இறுகவிடுங்கள்.
• ஒட்டும் இடத்தில் இருபுறமும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்துங்கள்.
• வயிற்றையும் தோளையும் உள்ளிருந்து விரலால் தள்ளுங்கள். வெளியே அப்பிய சதையைவிட இப்படிப் புடைத்த சதைக்கே மூச்சு இருக்கும்.
• ஒரு கையைத் தரையில் ஊன்றவைத்தால் அந்தப் பக்கத் தோள் மேலேறும். இந்தச் சாய்வைத் தவறவிடாதீர்கள்.

4. காயவைத்தல்

பினாங்கின் ஈரக்காற்றில் மண் மெல்லக் காயும், நல்லதுதான். மின்விசிறிக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள், ஒரு பக்கம் முந்திக் காய்ந்து வெடிக்கும். விரல், காது போன்ற மெல்லிய இடங்களில் பிளாஸ்டிக் சுற்றுங்கள். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் விடுங்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

5. சுடுதல்

சுடுமண்ணாக 900 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வேண்டும். சமையலறை ஓவன் எட்டாது. மண்பாண்டப் பட்டறையில் சூளை வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். உருவத்தின் அடியில் ஒரு துளை இருக்கட்டும். மிஞ்சிய ஈரம் நீராவியாகி வழியின்றி அடைபட்டால் உருவம் வெடிக்கும். காய்ந்து சுட்டு முடிவதற்குள் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும்.

6. சுத்தம்

மண் கலந்த நீரைச் சிங்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். வாளியில் தெளியவைத்து மேல்நீரை மட்டும் கொட்டுங்கள். காய்ந்த தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு. பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்து?

அதே உருவத்தை மறுபடி செய்யுங்கள், இம்முறை களைத்து உட்கார்ந்தவராக. முகத்தைத் தொடாமலே அந்தக் களைப்புத் தெரிந்தால், நிற்கும் உருவத்துக்குப் போகலாம்.