கையிலே தொழில், நெஞ்சிலே வழிபாடு

எமது ஸ்ட்ரோம்மன் நகரின் ஊடாக ஓடும் சிற்றாற்றின் பெயர் ஸாகெல்வா. நோர்வே மொழியில் ‘ஸாக்’ என்பது மரம் அரியும் வாள். ‘எல்வா’ என்பது ஆறு. நீரின் விசையால் இயங்கிய மர ஆலைகள் அதன் கரையிலே இருந்தமையால் இப்பெயர் அமைந்தது. 1873இல் இங்கு தொடங்கப்பெற்ற ஸ்ட்ரோம்மன் தொழிற்சாலையிற் செய்த புகையிரதப் பெட்டிகள் நாடெங்கும் ஓடின. உழைப்பாளரின் கைகளால் வளர்ந்த ஊர் இது. உழைப்பு வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் உரியதா, அன்றி அதுவே இறைவனுக்குச் செய்யும் தொண்டும் ஆகுமா என்னும் வினாவை இந்நாட்டு மக்கள் முன் வைத்த ஒருவரைப் பற்றி எம் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. அவர் தம் இறுதிக் காலத்தைக் கழித்த இடம், நாம் ஒஸ்லோவுக்குச் செல்லும் வழியில் குரூருட் பள்ளத்தாக்கிலேயே உள்ளது.

அவருக்கு முன்னோர் இங்கிலாந்திலும் இருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் அங்கு ‘பியூரிட்டன்’ எனப்பட்ட தூய்மைவாதிகள், ஆடம்பரச் சடங்குகளை நீக்கி, வேத நூலையே வாழ்க்கையின் அளவுகோலாகக் கொண்டனர். இலண்டனில் மரக் கடைசல் தொழில் செய்த நெகேமியா வாலிங்டன் (1598 – 1658) அவர்களுள் ஒருவர். விடியுமுன் எழுந்து, கடை திறப்பதற்கு முன்னரே தம் மனத்தின் குற்றங்குறைகளை எழுதிவைப்பார். தமக்குத் தாமே விதிகள் வகுத்து, மீறியபோது ஏழைகளின் பெட்டியிற் காசு இட்டார். அவர் எழுதிய ஏறத்தாழ 50 குறிப்பேடுகளுள் இன்று எஞ்சியவை ஏழே.

நோர்வேயில் இவ்வழியை ஒத்த ஒரு பெரும் எழுச்சியைத் தோற்றுவித்தவர் ஹான்ஸ் நில்சன் ஹௌகே. 1771ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், பிரெட்ரிக்ஸ்தாட் நகருக்கு அண்மையிலுள்ள ரொல்வ்சோயில் ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். பல்கலைக்கழகம் சென்றவரல்லர், குருப்பட்டம் பெற்றவருமல்லர். 1796 ஏப்ரல் 5ஆம் நாள், பக்திப் பாடலொன்றைப் பாடியவாறு வயலில் உழுதுகொண்டிருந்தபோது, இறைவன் தம்மை ஆட்கொண்டதாக உணர்ந்தார். அக்கணம் அவருக்குக் கிட்டியது கோயிலில் அன்று, ஏர் பிடித்த கையோடு என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அதன் பின் எட்டு ஆண்டுகள் அவர் நாடெங்கும் நடந்தார். நடையும் பனிச்சறுக்குமாக ஏறத்தாழ 15,000 கிலோமீற்றர் தூரம் சென்றார் என்பர். நடக்கும்போதும் கை சும்மா இருப்பதில்லை. கம்பளி நூலால் பின்னிக்கொண்டே செல்வாராம். தங்கிய வீட்டாரோடு சேர்ந்து பகலில் வேலை செய்வார். மாலையில் அவர்களைக் கூட்டி வேதம் பேசுவார். பெரியபுராணம் பயின்ற பெற்றோருக்கு இங்கே நேச நாயனார் நினைவுக்கு வருவார். காம்பீலி நகரிலே நெசவுத் தொழில் செய்த அவ்வடியார், மனத்தைச் சிவன் திருவடியிலும் வாக்கை ஐந்தெழுத்திலும் கைகளைத் தறியிலும் வைத்து வாழ்ந்தவர்; தாம் நெய்த துணிகளை அடியார்களுக்கு அளித்தவர். காலமும் சமயமும் வேறாயினும் இருவரும் கண்ட நெறி ஒன்றே என்பது எம் கருத்து.

ஹௌகேயின் வழிவந்தோர் வீடுகளிற் காலையும் மாலையும் வழிபாடு நடைபெறும். எளிய உடை, குடியின்மை, சூதாட்டமின்மை, சிக்கனம் ஆகியன அவர்தம் ஒழுக்கம். மிஞ்சிய பொருளைத் தமக்கென்று சேர்க்காது, பிறருக்கு வேலை கொடுக்கும் தொழில்களில் இட்டனர். 1801இல் ஐக்கர் என்னும் ஊரில் அவர்கள் கூட்டாக ஒரு காகித ஆலையை நிறுவினர். பெண்களும் கூட்டங்களிற் பேசினர். அக்காலத்தில் இது சிறிய செய்தியன்று. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட இயலவில்லை. இவ்வெழுச்சியின் பிற்கால வழியினர் பலர் நடனத்தையும் வயலினையும் பாவமென ஒதுக்கினர். பரதத்தையும் இசையையும் வழிபாடாகவே போற்றும் நாம் இதனை ஏற்றுக்கொள்ள முடியாது.

இத்தகைய ஒழுக்கமுள்ளவரை அரசு ஏன் சிறையிட்டது? 1739ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுப்புறப் பிள்ளைகளும் சமய நூல்களை வாசிக்கக் கற்கவேண்டும் என்றது. 1741ஆம் ஆண்டுச் சட்டமோ, குருவானவரின் மேற்பார்வையின்றி மக்கள் சமயம் பேசக் கூடலாகாது என்றும், குருவல்லாதவர் ஊரூராய்ச் சென்று போதிக்கலாகாது என்றும் தடுத்தது. வாசிக்கக் கற்பித்தவர்களே, வாசித்ததைப் பற்றி வாய் திறக்காதே என்றனர்! ஹௌகே முப்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். உழவனும் தச்சனும் வேலைக்காரியும் அவற்றைக் கையிலெடுத்தபோது, அறிவு எமக்கே உரியது என்றிருந்தோர் அஞ்சினர்.

பலமுறை பிடிபட்டு விடுதலையானவரை 1804இல் மீண்டும் கைது செய்து, அந்நாளிற் கிறிஸ்தியானியா எனப்பட்ட ஒஸ்லோவிற் சிறைவைத்தனர். ஆண்டுகள் பல தீர்ப்பின்றிக் கழிந்தன. இடையில் ஒரு விந்தை நிகழ்ந்தது. பிரித்தானியாவுடன் மூண்ட போரினால் உப்பு வரவு தடைப்பட்டது. உப்பில்லையேல் மீனைப் பதப்படுத்த முடியாது. 1809இல் அரசு அக்கைதியையே வெளியே அனுப்பி, கரையோரத்தில் உப்பு ஆலைகளை அமைக்கச் செய்தது! ஆனையிறவு உப்பளத்தை அறிந்த எமக்கு உப்பு வெயிலில் விளைவது. இங்கோ கடல்நீரை விறகிட்டுக் காய்ச்சவேண்டும். வேலை முடிந்ததும் அவர் மீண்டும் சிறைக்குச் சென்றார். 1811இல் வெளிவந்தபோது உடல்நலம் கெட்டிருந்தது.

1814 மே 17ஆம் நாளைக் கொடி பிடித்துக் கொண்டாடாத மாணவர் எம்மிடையே இலர். அவ்வாண்டு ஐட்ஸ்வொல்லில் அரசியலமைப்பை வகுத்த 112 பேருள் ஹௌகேயின் வழிநின்ற உழவர் சிலரும் இருந்தனர். அதே ஆண்டு டிசம்பரிலேயே நீதிமன்றம் அவருக்கு 1000 ரிக்ஸ்டாலர் தண்டம் விதித்தது. 1741ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும்படி பாராளுமன்றம் 1836இலும் 1839இலும் தீர்மானித்தது. மன்னர் இருமுறையும் மறுத்தார். மூன்றாம் முறையாக 1842இல் தீர்மானித்தபின் அது ஒழிந்தது. வார இறுதியில் நாம் எவரிடமும் அனுமதி கேளாது கோயிலிலும் தேவாலயத்திலும் கூடுகின்ற உரிமை இந்நாட்டிலே தானாக முளைத்ததன்று.

ஹௌகே அம்மாற்றத்தைக் காணவில்லை. நண்பர்களின் உதவியோடு பெற்ற பிரெட்வெட் பண்ணையில் 1817 முதல் வாழ்ந்து, 1824 மார்ச் 29ஆம் நாள், 52ஆவது வயதில் மறைந்தார். நூற்றாண்டொன்று கடந்தபின் அப்பண்ணை நிலத்திலே சிறைச்சாலை அமைந்தது. நாசிகளின் ஆட்சிக்காலத்திற் கைதிகள் பலர் அங்கு அடைக்கப்பட்டனர். போரின் பின் அது நெடுங்காலம் பெண்கள் சிறையாக விளங்கியது. சிறையால் உடல் நலிந்த மனிதர் இளைப்பாறிய நிலத்துக்கு இவ்வாறு ஒரு விதி! அவருடைய கல்லறை ஒஸ்லோவிலுள்ள பழைய ஆக்கர் தேவாலய வளவில் இருக்கின்றது. அத்தேவாலயம் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்கட்டடம். விடுமுறை நாளிற் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம்.