முதல் டீமேட் கணக்கு: புரோக்கரைத் தேர்ந்தெடுக்க ஏழு படிகள்

பான், ஆதார், வங்கிக் கணக்கு, ஒரு செல்ஃபி. இவ்வளவு கையில் இருந்தால் கைபேசியிலேயே டீமேட் கணக்கு தொடங்கிவிடலாம். வேலை இத்தனை சுலபமாகிவிட்டதால், யாரிடம் தொடங்குகிறோம் என்று பலரும் யோசிப்பதில்லை. நண்பர் அனுப்பிய லிங்க்கை அழுத்திவிடுகிறார்கள். சேர்த்துவிட்டதற்கு நண்பருக்கு ஏதாவது கிடைக்கக்கூடும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

நீங்கள் லாபம் பார்த்தாலும் நஷ்டப்பட்டாலும் புரோக்கருக்கு வருமானம் உண்டு. எத்தனை முறை வாங்கி விற்கிறீர்களோ அத்தனைக்கு அவருக்கு வரவு. ஆகவே, எப்போதாவது வாங்கி வருடக்கணக்கில் வைத்திருப்பவருக்குச் செலவு வைக்காத, 'இன்றே வாங்கு, இன்றே விற்றுவிடு' என்று நச்சரிக்காத புரோக்கர்தான் புதியவருக்குப் பொருத்தம். அவரைக் கண்டுபிடிக்கும் வழி இது.

படி 1: எதற்காகக் கணக்கு?

மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி போடுவது மட்டுமே திட்டமா? அதற்கு டீமேட் தேவையே இல்லை. ஃபண்ட் நிறுவனத்தின் தளத்திலேயே 'டைரக்ட்' திட்டத்தில் சேரலாம். விநியோகஸ்தர் கமிஷன் மிச்சமாகும். தனிப் பங்குகளும் ஈடிஎஃப்களும் வாங்குவதற்கு டீமேட் கட்டாயம் வேண்டும். வாங்கிய பங்கை டீமேட்டில் சேர்த்து வைத்திருப்பதைச் சந்தையில் 'டெலிவரி' என்பார்கள். இந்தக் கட்டுரை அப்படி வாங்கி வைத்திருக்க நினைப்பவர்களுக்கானது.

படி 2: செபி பதிவைச் சரிபாருங்கள்

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற பங்குத்தரகருக்கு 'ஐஎன்இசட்' என்று தொடங்கும் எண் இருக்கும். அந்த எண்ணைப் புரோக்கரின் தளத்தில் பார்த்துவிட்டு, செபியின் தளத்தில் உள்ள பட்டியலில் பெயரையும் எண்ணையும் ஒப்பிடுங்கள். ஆப்பைப் புரோக்கரின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே போய் இறக்குங்கள். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வரும் ஆப்கள் பலவும் பிரபல நிறுவனங்களின் பெயரைத் தாங்கிய போலிகள். அவற்றில் திரையில் லாபம் ஏறும், பணத்தை மட்டும் எடுக்க முடியாது. தனிநபர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 3: பங்கு யாரிடம் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

உங்கள் பங்குகள் புரோக்கரிடம் இருப்பதில்லை. என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்ற இரண்டு டெபாசிட்டரிகளில் ஒன்றில் உங்கள் பெயரில் இருக்கின்றன. புரோக்கர் கடையை மூடினாலும் பங்குகள் அங்கேயே இருக்கும். ஆபத்து வருவது, அவற்றை எடுத்தாளும் அதிகாரத்தை நாம் எழுதிக் கொடுக்கும்போது. கார்வி ஸ்டாக் புரோக்கிங் விவகாரம் அப்படித்தான் நடந்தது. வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த பவர் ஆஃப் அட்டர்னியைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக, அந்த நிறுவனம் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க 2019 நவம்பரில் செபி தடை விதித்தது. வாடிக்கையாளர்களின் பங்குகள் அடகு வைக்கப்பட்டுக் கடன் வாங்கப்பட்டிருந்தது.

இப்போது பவர் ஆஃப் அட்டர்னியின் இடத்தில், பயன்பாடு வரையறுக்கப்பட்ட 'டிடிபிஐ' என்ற படிவம் இருக்கிறது. அதில் கையெழுத்திடுவது கட்டாயமில்லை. அது இல்லாவிட்டால் விற்கும்போது டெபாசிட்டரி அனுப்பும் ஓடிபி மூலம் அனுமதி தர வேண்டியிருக்கும். எப்போதாவது விற்பவருக்கு இது பெரிய சிரமமல்ல. டிடிபிஐ இல்லாமல் கணக்குத் தொடங்கத் தயங்கும் புரோக்கரை விட்டுவிடுங்கள்.

படி 4: முழுக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள்

'புரோக்கரேஜ் இல்லை' என்பது நகைக்கடைக்காரர்களின் 'செய்கூலி இல்லை' போல. மற்ற வரிகளையும் படித்தால்தான் பில் புரியும். கட்டணப் பட்டியலில் நான்கைத் தேடுங்கள்.

• டெலிவரி புரோக்கரேஜ்: '20 ரூபாய் அல்லது 0.1 சதவீதம், எது குறைவோ' என்று இருக்கிறதா, 'குறைந்தபட்சம் 20 ரூபாய்' என்று இருக்கிறதா? மாதம் 2,000 ரூபாய்க்கு வாங்குபவருக்கு முதலாவதில் 2 ரூபாய். இரண்டாவதில் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 23.60 ரூபாய், அதாவது போட்ட பணத்தில் ஒரு சதவீதத்துக்கும் மேல்.

• டிபி கட்டணம்: டீமேட்டிலிருந்து பங்கை எடுப்பதற்கானது, விற்கும்போது மட்டும் வருவது. எத்தனை பங்கு விற்றாலும் ஒரு நிறுவனத்துக்கு ஒரு நாளில் ஒரே தொகை. இது 15 ரூபாய் என்றால் ஜிஎஸ்டியுடன் 17.70. 300 ரூபாய் பங்கு ஒன்றை மட்டும் விற்றால் கிட்டத்தட்ட 6 சதவீதம் போய்விடும். துண்டு துண்டாக விற்காதீர்கள்.

• ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்: 'பிஎஸ்டிஏ' என்ற அடிப்படைக் கணக்கு கேளுங்கள். 2024 செப்டம்பர் முதல், அதில் 4 லட்சம் ரூபாய் வரையிலான பங்குகளுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய்தான். உங்கள் பெயரில் ஒரே டீமேட் கணக்கு இருந்தால்தான் இந்தச் சலுகை.

• இதர கட்டணங்கள்: போனில் ஆர்டர் கொடுப்பது, வங்கியிலிருந்து பணம் ஏற்றுவது போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா?

பங்குப் பரிவர்த்தனை வரி டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம். வாங்கும்போது முத்திரைத்தாள் வரி 0.015 சதவீதம். இவை எந்தப் புரோக்கரிடமும் ஒன்றுதான் என்பதால் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம்.

கட்டணம் நிரந்தரமல்ல என்பதையும் மறக்காதீர்கள். ஜெரோதா என்ற புரோக்கர் நிறுவனம் 2015 டிசம்பரில் டெலிவரி புரோக்கரேஜை நீக்கியது. அதே பாதையில் இலவசமாகத் தந்துவந்த ஏஞ்சல் ஒன், 2024 நவம்பரில் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது.

படி 5: டிஸ்கவுன்ட் புரோக்கரா, வங்கி புரோக்கரா?

டிஸ்கவுன்ட் புரோக்கரிடம் கட்டணம் குறைவு. ஆலோசனை, நேரில் போய்ப் பேசக் கிளை போன்றவற்றை எதிர்பார்க்க முடியாது. வங்கி சார்ந்த புரோக்கர்கள் சேமிப்பு, டிரேடிங், டீமேட் மூன்றையும் இணைத்த கணக்கு தருகிறார்கள். பணம் வட்டியுடன் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கும். புரோக்கரேஜ் பெரும்பாலும் கூடுதல். ஆப்பைத் தானே கையாளத் தெரிந்தவருக்கு முதலாவது போதும். பெற்றோருக்குக் கணக்குத் தொடங்குகிறீர்கள், அவர்கள் கிளைக்குப் போய்த்தான் பேசுவார்கள் என்றால் இரண்டாவதற்குத் தரும் கூடுதல் கட்டணம் வீண்செலவல்ல.

படி 6: சேவையைச் சோதியுங்கள்

என்எஸ்இ பங்குச் சந்தையின் தளத்தில் ஒவ்வொரு புரோக்கர் மீதும் வந்த புகார்களின் எண்ணிக்கை இருக்கிறது. வாடிக்கையாளர் எண்ணிக்கையோடு சேர்த்துப் படியுங்கள். பெரிய நிறுவனத்தின் மீது புகாரும் அதிகமாகத்தான் இருக்கும். கணக்குத் தொடங்கும் முன்பே உதவி எண்ணுக்கு அழைத்து, 'டிபி கட்டணம் எவ்வளவு?' என்று கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால், பணம் சிக்கும்போதும் வராது. ஆப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ஆப்ஷன்ஸ் பட்டியலா, உங்கள் முதலீடுகளா என்றும் கவனியுங்கள். செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள்.

படி 7: தொடங்கும்போது செய்ய வேண்டியவை

• ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவையும் கடனில் பங்கு வாங்கும் வசதியையும் தேர்வு செய்யாதீர்கள்.
• கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஏஜென்ட்டின் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும்.
• நாமினியைப் பதிவு செய்யுங்கள்.
• முதலில் ஒரே ஒரு பங்கு வாங்குங்கள். புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டில் உள்ள கட்டணம் உங்கள் கணக்கோடு பொருந்துகிறதா, டெபாசிட்டரியின் தளத்தில் பங்கு அடுத்த வேலைநாளில் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு மீதிப் பணத்தை வங்கிக்கு எடுத்துப் பாருங்கள். இரண்டும் தடையின்றி நடந்தால் பெரிய தொகை போடலாம்.

ஏதாவது சிக்கல் வந்தால் முதலில் புரோக்கரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளம் இருக்கிறது. சேவை பிடிக்கவில்லை, கட்டணம் ஏறிவிட்டது என்றால் வேறு புரோக்கரிடம் கணக்குத் தொடங்கி, பங்குகளை விற்காமல் அப்படியே மாற்றிக்கொண்டு பழைய கணக்கை மூடலாம். அப்படி மூடுவதற்குக் கட்டணம் கிடையாது. எனவே எல்லாவற்றிலும் சிறந்த புரோக்கரைத் தேடி மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். இந்த ஏழு படிகளைத் தாண்டுகிறவர் போதும். வருடத்துக்கு ஒருமுறை அவருடைய கட்டணப் பட்டியலை மறுபடி படித்துவிடுங்கள்.