மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லையா?

ராயப்பன்பட்டியில் பறித்த திராட்சை காத்திராது. அவசர நேரத்தில் வண்டி கிளம்பாவிடில், உதைத்துக் களைக்காமல் வரிசையாகச் சோதிக்கவும்.

1. பெட்ரோல் இருப்பு, பெட்ரோல் டேப், இன்ஜின் நிறுத்தும் சுவிட்ச் ஆகியவற்றைக் கவனிக்கவும்.

2. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றவும். நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. டேப்பையும் சாவியையும் அடைத்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகிப் பலமுறை உதைக்கவும். பிளக்கைத் துடைத்து உலர்த்தவும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்க் மூடியின் காற்றுத் துவாரம், வடிகட்டி, கார்புரேட்டர் ஆகியவற்றைச் சுத்தம் செய்யவும்.

3. பெட்ரோல் ஈரம் காய்ந்தபின் சாவியைப் போட்டு, பிளக்கை அதன் ரப்பர் மூடியில் செருகி, உலோகப் பகுதியை இன்ஜினில் தொடவைத்து உதைக்கவும். பிளக் துவாரத்துக்கு விலகியே இதைச் செய்க. நீலப்பொறி வராவிடில் புதிய பிளக் மாட்டிப் பார்க்கவும்.

4. பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் கிளம்பாவிடில், பிஸ்டன் வளையம் தேய்ந்து அழுத்தம் குறைந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டவும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. அவற்றில் பேட்டரியையும் பியூசையும் கூடப் பார்க்கவும்.