அமைச்சரின் பொறுப்பு: சிறுவர் நலனும் இளைஞர் சேவையும்

கிழக்கு மாகாணத்துக் கிராமம் ஒன்றில் எமது படிப்பு வட்டம் கூடியிருந்த ஒரு மாலை நேரம். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா கையில் பொலித்தீன் பையொன்றோடு வந்து ஓரமாக அமர்ந்தார். கூட்டம் முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் எழுந்த பின்னர்தான் பையை அவிழ்த்தார். "தம்பி, இத ஒருக்காப் பாருங்க" என்று ஒரு கட்டுக் கடிதங்களை நீட்டினார்.

மகள் குவைத்தில் வீட்டு வேலை. மருமகன் குடும்பத்தை விட்டுப் போய்ப் பல வருடம். பதினொரு வயதுப் பேரன் சிறுவர் இல்லம் ஒன்றில் இருக்கிறான். அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து தானே வளர்க்க வேண்டும் என்பது அம்மம்மாவின் ஆசை. பிரதேச மட்டத்தில் உத்தியோகத்தர் ஒருவரிடம் கேட்டார். "அது எங்கட கையில இல்ல" என்றார்களாம். ஆகவே யாரோ எழுதிக் கொடுக்க, கொழும்பிலுள்ள அமைச்சருக்கே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினார்.

கடிதம் போன பாதையை அந்தக் கட்டே காட்டியது. அமைச்சரின் அலுவலகம் அதைச் செயலாளருக்கு அனுப்பியிருந்தது, செயலாளர் திணைக்களத்துக்கு, திணைக்களம் மாகாணத்துக்கு, மாகாணம் மாவட்டத்துக்கு. ஒவ்வொன்றிலும் "உரிய நடவடிக்கைக்காக" என்ற ஒரே வசனம். நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்து சேர்ந்த இடம், அம்மா முதலில் போய் நின்ற அதே மேசை. "தங்கள் கடிதம் தொடர்பாக என்னைச் சந்திக்கவும்" என்று அந்த உத்தியோகத்தரே எழுதியிருந்தார்.

"அப்ப அமைச்சருக்கு என்ன வேலை?" என்று அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எம்மில் ஒருவருக்கும் சரியான பதில் தெரிந்திருக்கவில்லை. அடுத்த மூன்று கூட்டங்களிலும் இதையே படித்தோம். படித்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். எமது நாட்டு அரசியலமைப்பின் 27(13)ஆம் உறுப்புரை, சிறுவரினதும் இளைஞரினதும் நலன்களை அரசு விசேட கவனத்தோடு மேம்படுத்த வேண்டும் என்கிறது. உடல், உள, ஒழுக்க, சமய, சமூக ரீதியான முழு வளர்ச்சியும், சுரண்டலிலிருந்தும் பாரபட்சத்திலிருந்தும் பாதுகாப்பும் அதில் அடங்கும். வாசிக்க மனம் குளிர்கிறது. ஆனால் இரண்டு உறுப்புரை தள்ளி, 29இல், இந்தக் கோட்பாடுகளை வைத்து எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாது என்றும் இருக்கிறது. நீதிமன்றத்தில் கேட்க முடியாத ஒரு கடமையை வேறு எங்கே கேட்பது? பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும். அமைச்சரவை கூட்டாகப் பொறுப்புடையது, பாராளுமன்றத்துக்குப் பதிலளிக்க வேண்டியது என்று அதே அரசியலமைப்பு சொல்கிறது. ஆகவே இவ்விடயத்தில் அமைச்சர் பதில் சொல்வது என்பது மரியாதைக்காகச் செய்யும் காரியமல்ல. அந்தக் கடமைக்கு உயிர் இருப்பதே அதில்தான்.

எந்த அமைச்சர் எதற்குப் பொறுப்பு என்பதை சனாதிபதி வர்த்தமானி அறிவித்தல் மூலம் தீர்மானிக்கிறார். அந்த அறிவித்தலில் அமைச்சரின் பணிகள் ஒரு நிரலிலும், அவரின் கீழ் வரும் திணைக்களங்களும் சபைகளும் இன்னொரு நிரலிலும், அவர் நடைமுறைப்படுத்த வேண்டிய சட்டங்கள் மூன்றாவது நிரலிலும் இருக்கும். கடிதம் எழுதுமுன் பார்க்க வேண்டிய காகிதம் இதுதான். எமது வட்டத்தில் அதுவரை ஒருவரும் அதைக் கண்டதில்லை.

இந்த விடயம் அமைச்சுக்கு அமைச்சு அலைந்து திரிந்த கதையும் அதில் தெரியும். 2015இல் மகளிர் மற்றும் சிறுவர் அலுவல்கள் அமைச்சாக இருந்தது. 2020இல் இராஜாங்க அமைச்சு ஆயிற்று. 2022இல் சமூக வலுவூட்டலோடு சேர்த்து ஒரே அமைச்சாக்கப்பட்டது. 2024 நவம்பரில் மீண்டும் மகளிர் மற்றும் சிறுவர் அலுவல்கள் அமைச்சாகி, சரோஜா சாவித்திரி போல்ராஜ் அமைச்சரானார். பெயர்ப்பலகை மாறும் ஒவ்வொரு முறையும் கோப்புகள் கட்டிடம் மாறுகின்றன. பிள்ளைகளோ அதே இல்லத்தில் ஒரு வயது கூடி நிற்கிறார்கள்.

இனி, அம்மாவின் கடிதம் ஏன் திரும்பி வந்தது என்பதற்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகளை மாகாண சபைகளின் நிரலில் சேர்த்தது. அதன்பின் தேசியக் கொள்கையும், சட்டமும், சர்வதேச உடன்பாடுகளும் மத்திய அமைச்சரிடம் இருக்கின்றன. நன்னடத்தை உத்தியோகத்தர்களும், சிறுவர் இல்லங்களைப் பதிவு செய்வதும் மேற்பார்வை செய்வதும் மாகாணத்தின் பக்கம். சரி, மாகாண அமைச்சரிடம் கேட்கலாமே என்றால், கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரிலும் வடக்கின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. அதன்பின் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடத்தப்படவில்லை. நிருவாகம் ஆளுநரிடம் சென்றது. வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வராத ஒருவரிடம் கணக்குக் கேட்பது எப்படி என்பது வட்டத்தில் நீண்ட நேரம் பேசப்பட்டது. முடிவு எட்டவில்லை.

இதைப் பிரதேச செயலகத்தில் கண்ணால் பார்க்கலாம். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு, அதாவது 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிறுவனத்துக்கு, தனியாக உத்தியோகத்தர்கள் உண்டு. முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கு இன்னொருவர். பெரும்பாலும் இவர்கள் நல்ல மனிதர்கள். ஒரே கன்டீனில் தேநீர் குடிப்பவர்கள். ஆனால் ஒவ்வொருவரின் அறிக்கையும் வெவ்வேறு ஏணியில் ஏறிப் போகிறது. "எங்கட கையில இல்ல" என்று அம்மாவுக்குச் சொல்லப்பட்டது பொய்யல்ல. யாருடைய கையில் என்று சொல்லாமல் விட்டதுதான் குறை.

உண்மையில் அது யாருடைய கையில்? பேரன் நீதிமன்றக் கட்டளைப்படி இல்லத்தில் சேர்க்கப்பட்டவன். 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க, பிள்ளைகள் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையைத் தகுதியான ஆள் ஒருவரிடம் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த ஆள் உறவினராகவும் இருக்கலாம். அம்மம்மா தகுதியானவரா என்று வீட்டைப் பார்த்து, அயலவரை விசாரித்து அறிக்கை கொடுப்பது நன்னடத்தை உத்தியோகத்தரின் வேலை. ஆகவே பேரனை விடும்படி அமைச்சர் கட்டளையிட முடியாது. கட்டளையிடவும் கூடாது. அமைச்சரின் ஒரு தொலைபேசி அழைப்பில் ஒரு பிள்ளை இல்லத்தை விட்டு வெளியே வரலாம் என்றால், இன்னொரு அழைப்பில் இன்னொரு பிள்ளை உள்ளே போகவும் முடியும்.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தியபோது, "அப்ப நான் பிழையான ஆளுக்கு எழுதிப்போட்டன்" என்றார். முழுக்கப் பிழை அல்ல. ஒரு பிள்ளையின் வழக்கு அமைச்சருடையதல்ல. அப்படியான பிள்ளைகள் எல்லோருடைய நிலையும் அமைச்சருடையது. எமது இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பான்மையோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருக்கிறார்கள். வறுமை, தாயின் வெளிநாட்டு வேலை, தகப்பனின் மறுமணம், பள்ளிக்கூடத் தூரம் ஆகியவற்றால்தான் பலர் அங்கே வந்தார்கள். இல்லத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை அம்மம்மாவின் வீட்டுக்குக் கொடுக்கும் திட்டம் வேண்டுமா? நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்க வேண்டும்? இல்லத்திலுள்ள பிள்ளையின் நிலையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வு செய்ய வேண்டும்? இவை கொள்கையும் பணமும் சம்பந்தப்பட்டவை. இவற்றுக்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் எம்மையும் ஒரு கேள்வி சுட்டது. சமய நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் இல்லங்களே நாட்டில் அதிகம். இல்லம் நிறைந்திருப்பதை நாம் சேவையின் அளவாக எண்ணிய காலமும் உண்டு.

பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது சிறுவர் அமைச்சு மட்டுமல்ல என்பதும் எமக்குப் புதிய பாடமாயிற்று. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்ல முடியாது என்ற விதியை 2013இல் கொண்டுவந்ததும், பொருளாதார நெருக்கடியில் டொலர் தேவைப்பட்ட 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்ததும் வெளிநாட்டு வேலைவாய்ப்புத் துறை. வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்திய 2021ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் தொழில் அமைச்சுக்குரியது. அதே ஆண்டு ஜூலையில், மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட 16 வயதுச் சிறுமி ஒருவர் தீக்காயங்களோடு உயிரிழந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளில் அவருக்கு வயது சரியாக எத்தனை என்பது நாடெங்கும் விவாதமாயிற்று. 8 வயதிலேயே ஒரு பிள்ளையைக் குற்றவாளியாகக் கருதலாம் என்றிருந்த பழைய விதியை 12ஆக மாற்றிய 2018ஆம் ஆண்டுத் திருத்தம் நீதித் துறையின் வழியாக வந்தது. சிறுவர் அமைச்சர் இவற்றில் கையெழுத்திடுபவர் அல்லர். ஆனால் அமைச்சரவை மேசையில் பிள்ளையின் பக்கத்தில் இருந்து பேச நியமிக்கப்பட்டவர் அவரே. பேசினாரா என்று கேட்கலாம்.

இளைஞர் சேவை வேறொரு அமைச்சில் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் கிராமங்களில் இளைஞர் கழகங்களை அமைத்து வந்திருக்கிறது. கரப்பந்தாட்டம், சிரமதானம், கலை விழா என்று எமது ஊர்களிலும் அவை நடந்தன. ஆனால் இளைஞர் அமைதியின்மைக்கு 1971லும் 1987 - 89லும் தெற்கிலும், மூன்று தசாப்தப் போரில் வடக்கு கிழக்கிலும் நாடு கொடுத்த விலையை நினைத்தால் விளையாட்டு உடை கொடுப்பதோடு இது முடியாது. 1990இல் வெளிவந்த சனாதிபதி இளைஞர் ஆணைக்குழு அறிக்கை, அரசியல் செல்வாக்கால் வேலை கிடைப்பதையும் திறமை ஒதுக்கப்படுவதையும் இளைஞரின் பெருங்குறையாகக் காட்டியது. அதன் பின்னணியில் உள்ளூராட்சி வேட்பாளர் பட்டியல்களில் 40 வீதம் இளைஞருக்கு ஒதுக்கப்பட்டது. பட்டியலில் இடம் பெற்றவர்களுக்கும் சபையில் இடம் பெற்றவர்களுக்கும் இருந்த தூரத்தை வாசகர்கள் அறிவார்கள்.

இரண்டு அமைச்சுகளின் வேலிக்கும் நடுவே ஓர் ஒழுங்கை இருக்கிறது. தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரையுள்ளவரை இளைஞர் என்கிறது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம் 18க்குக் கீழ் எல்லோரையும் பிள்ளை என்கிறது. ஆகவே 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட பெண்பிள்ளை இருவருக்கும் உரியவள். அதனாலேயே ஒருவருக்கும் உரியவளல்ல என்று ஆகிவிடுகிறாள். 18 வயது நிறைந்து இல்லத்தை விட்டு வரும் பையனின் நிலை இன்னும் மோசம். முதல் நாள் வரை ஓர் அமைச்சின் கோப்பில் இருந்தவன் மறுநாள் எவருடைய கோப்பிலும் இல்லை. அடையாள அட்டையும் ஒரு தொழிலும் படுக்க ஓர் இடமும் அவனுக்கு வேண்டும். எமது வட்டத்தில் இருந்த ஓர் இளைஞர் அப்படி வந்தவர். அன்று அவர்தான் அதிகம் பேசினார்.

பொறுப்பேற்பது எப்படியிருக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்றையும் படித்தோம். அது எமது நாட்டோடு தொடர்புடையதே. 1970களிலும் 80களிலும் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். பொய்யான பிறப்புப் பத்திரங்கள், தாய் என்று நடிக்க அழைத்துவரப்பட்ட பெண்கள் போன்றவை பின்னர் வெளிவந்தன. 1992இல் எமது தத்தெடுத்தல் சட்டம் இறுக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்தின் விசாரணைக் குழுவொன்று, அரசாங்கம் முறைகேடுகளை அறிந்தும் தலையிடவில்லை என்று கூறியது. அன்றே அந்நாட்டு அமைச்சர் சன்டர் டெக்கர் தத்தெடுக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, வெளிநாட்டுத் தத்தெடுத்தலை இடைநிறுத்தினார். அந்தக் காலத்தில் அவர் அமைச்சராக இருக்கவில்லை. நாற்காலி அவருடையது, ஆகவே பழைய கணக்கும் அவருடையது. இலங்கையில் தம் பிள்ளையைத் தேடும் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள்.

கேட்பதற்கு வழிகள் உண்டா என்றால், உண்டு. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் வாய்மூல விடைக்கான வினாவை எழுப்பலாம். அமைச்சர் பதில் சொன்னால் அது ஹன்சார்ட்டில் பதிவாகும். பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு உறுப்பினர் வழியாக மனுச் செய்யலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பிள்ளை இப்போது ஆபத்தில் இருந்தால் இவை ஒன்றுக்கும் காத்திருக்காமல் 1929ஐ அழைக்க வேண்டும்.

அம்மாவுக்காக மூன்று கடிதங்கள் எழுதினோம். முதலாவது, வீட்டைப் பார்வையிட்டு நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும்படி நன்னடத்தை உத்தியோகத்தருக்கு. இரண்டாவது, மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகளின் நிலை கடந்த ஓராண்டில் மீளாய்வு செய்யப்பட்டது என்று கேட்டு மாகாணத் தகவல் அலுவலருக்கு. மூன்றாவது, உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு என்ன உதவித் திட்டம் உண்டு என்று கேட்டு அமைச்சருக்கு. பிரதி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும், கட்சி பாராமல்.

முதற் கடிதத்துக்கு இரண்டு கிழமையில் பலன் வந்தது. உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து வீட்டைப் பார்த்தார். கிணற்றுக்கு மதில் கட்டச் சொன்னார், பேரன் படுக்கும் இடத்தைக் கேட்டார், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்டார். கிணற்று மதிலை இளைஞர் கழகப் பிள்ளைகள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டி முடித்தார்கள். நீதிமன்றத் தவணை அடுத்த மாதம். மூன்றாவது கடிதத்துக்கு, அது கிடைத்ததாக ஒரு துண்டு வந்திருக்கிறது. அம்மா அதையும் அதே பொலித்தீன் பையில் வைத்திருக்கிறார்.